மதுரைக்குக் கல் கொண்டுபோனேன்

கொழும்பிலிருந்து மதுரைக்குப் போகிறவர்கள் தேயிலை கொண்டுபோவார்கள், மாசிக் கருவாடு கொண்டுபோவார்கள், வாசனைச் சவர்க்காரம் கொண்டுபோவார்கள். நான் ஒரு கல் கொண்டுபோனேன். ஒன்றரை முழ நீளம், ஒரு முழ அகலம், வெள்ளைச் சலவைக்கல். அதில் பதினொரு பெயர்கள் கறுப்பு எழுத்தில் வெட்டப்பட்டிருந்தன. கடைசிப் பெயர் என்னுடையது. அடக்கம் கருதித்தான் கடைசியில் போடச் சொன்னேன். எழுத்தின் அளவு மட்டும் மற்றவற்றுக்குக் குறையக்கூடாது என்றும் கல்வெட்டுகிறவரிடம் சொல்லிவைத்தேன்.

நாங்கள் பதினொரு பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் என் வீட்டில் கூடுவோம். அன்றைக்குத் தேத்தண்ணீருக்குச் சீனி கிடையாது. சீனிக்காசும், நாங்கள் பின்னி விற்கிற மேசைவிரிப்புகளின் காசும் ஒரு தகரப்பேணிக்குள் போகும். பேணி நிறைந்ததும் யாருக்குக் கொடுப்பது என்று பதினொரு பேரும் இருந்து பேசுவோம். சண்டை பிடிப்போம் என்று சொன்னாலும் பிழையில்லை.

கல்லில் முதற்பெயர் செல்வி. அவள் எங்கள் கூட்டத்தைச் சேர்ந்தவள் அல்ல, உயிரோடும் இல்லை. எங்களில் ஒருவரான அன்னம்மா அக்காவின் ஒரே மகள்; தன் பெயருக்குப் பதிலாக அவள் பெயரைப் போடச் சொன்னார் அக்கா. தலைப்பிரசவத்தில் வலி எடுத்து இரண்டாம் நாள், தர்ம வார்டுக்குக் கொண்டுபோகலாம் என்று எல்லோரும் கெஞ்சினோம். அந்த வார்டின் வாசலில் கட்டிக்கொடுத்த கனவானின் பெயர் ஆள் உயரத்துக்கு எழுதியிருக்கும். "அந்தப் பேருக்குக் கீழ போய் நான் படுக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டாள். வீட்டிலேயே செத்துப்போனாள். இருபத்திரண்டு வயது.

அதனால்தான் கொழும்புப் புறக்கோட்டையில் புடவைக்கடை வைத்திருக்கும் ராவுத்தர், மதுரையிலிருந்து தம் மனைவி ஜைனம்பு எழுதிய கடிதத்தைக் கொண்டுவந்து காட்டியபோது எங்களுக்குள் சண்டையே வரவில்லை. சோழவந்தானுக்கு அடுத்த ஓர் ஊரில் பெண்கள் சேர்ந்து பிரசவ அறை ஒன்று கட்டுகிறார்கள், சுவர் எழும்பிவிட்டது, கூரைக்கு வழியில்லை என்று கடிதத்தில் இருந்தது. பேணியை அப்படியே கவிழ்த்தோம். அன்னம்மா அக்கா செல்வியின் காப்புகளையும் அதோடு வைத்தார். சில மாதங்களில் மறுகடிதம் வந்தது. கூரை போட்டாகிவிட்டது, யாராவது ஒருவர் வந்து பாருங்கள், வெறுங்கையோடு வாருங்கள் என்று ஜைனம்பு எழுதியிருந்தாள்.

வெறுங்கையோடு என்றது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை என்று எடுத்துக்கொண்டோம். உடனே கல்லுக்குச் சொல்லிவிட்டோம். புறப்படும் நாள் அன்னம்மா அக்கா துறைமுகம் வரை வந்தார். "வாசலுக்கு மேல வைக்கவேணும். போற வாற எல்லாரும் அவளின்ர பேரை வாசிக்கவேணும். நீ பாத்துக்கொண்டு வந்து எனக்குச் சொல்லு" என்றார். நான் கையடித்துச் சத்தியம் பண்ணிக்கொடுத்தேன்.

சாக்கில் சுற்றிய அந்தக் கல் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கப்பல் விட்டு இறங்கிய இடத்தில் சுங்கத்து அதிகாரி அதை அவிழ்க்கச் சொல்லிப் பதினொரு பெயரையும் நிதானமாகப் படித்தார். இவர்களில் யார் நீங்கள் என்று கேட்டார். கடைசி என்றேன். ரயிலில் ஒரு பெரியவர் அதன்மேல் காலை வைத்துக்கொண்டு தூங்கினார். எழுப்பிச் சொன்னதும், ஆட்டுக்கல் என்று நினைத்தாராம்.

மதுரையில் இறங்கியது வியாழக்கிழமை. ஜட்கா வண்டியில் கல்லைப் பின்னால் ஏற்றிவிட்டு நானும் பின்னால் ஏறினேன். வண்டி மல்லாந்தது. குதிரையின் முன்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"அம்மா, முன்னாடி வந்து உக்காருங்க. கல்லும் நீங்களும் ஒரே பக்கம் இருந்தா குதிரை அந்தரத்துலதான் நிக்கும்" என்றார் வண்டிக்காரர்.

பழைய நகரத்துக்குள் தெருக்கள் ஒடுங்கிக்கொண்டே போயின. தெற்குவாசல் பக்கம் பள்ளிவாசலைத் தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. அதற்கு மேல் முடுக்குதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த முடுக்கின் இருபுறமும் வீடுகளின் பின்வாசல்கள். பெண்கள் போவதும் வருவதும் அந்த வழியாகத்தான். ஆண்களுக்கு முன்பக்கத் தெரு.

ஜைனம்புவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மெல்லிய குரல். கல்லைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு சுணக்கம் வந்து போனது. நான் அதைக் களைப்பு என்று நினைத்தேன்.

"தூரத்துலேர்ந்து சுமந்துக்கிட்டு வந்திருக்கீங்க அக்கா. மொதல்ல சாப்பிடுங்க" என்று சொல்லி நெய்ச்சோறும் தால்ச்சாவும் வைத்தாள். எங்கள் ஊரில் எதிலும் தேங்காய்ப்பால் இருக்கும். இங்கே புளியும் பருப்பும் கத்தரிக்காயும் ஆட்டெலும்பும் சேர்ந்து ஒரு குழம்பாகி, அதைச் சோற்றில் விட்டால் பேச்சு நின்றுபோகிறது. இரண்டாம் தடவையும் வாங்கினேன். மூன்றாம் தடவை அவளே கேட்காமல் வைத்தாள்.

தேத்தண்ணீர் மட்டும் கிடைக்கவில்லை. காப்பிதான். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை காப்பி வந்ததும், இன்றைக்கு எனக்குச் சீனி வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்பாள் என எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. நானே சொன்னேன். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமைகளில் பதினொரு பேரும் சீனி தொடுவதில்லை என்று விளக்கமாகச் சொன்னேன். வேலைக்கு வந்த பெண்ணிடமும் சொன்னேன். பக்கத்து வீட்டிலிருந்து தீக்கங்கு வாங்க வந்தவளிடமும் சொன்னேன்.

"அக்கா, ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே. இத எதுக்கு எல்லார்ட்டயும் சொல்றீங்க?" என்றாள் ஜைனம்பு.

நல்ல காரியத்தைச் சொன்னால் நாலு பேர் பின்பற்றுவார்கள் என்றேன். அவள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டல் எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் முடுக்கில் சலங்கைபோல் வளையல் சத்தம் கேட்டது. பின்வாசல்கள் திறந்தன. ஒரு பெண் இடுப்பில் பானையோடு வீடு வீடாக வந்துகொண்டிருந்தாள். பானையின் வாயில் பச்சைத் துணி கட்டியிருந்தது. துணியின் நடுவில் கை நுழையும் அளவுக்குக் கிழிசல். பானை வாசலுக்கு வந்ததும் வீட்டுப் பெண் துணிக்குள் கையை விட்டு எடுப்பாள். அவ்வளவுதான். பானையைப் பிடித்திருப்பவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

பிரசவ அறைக்கு அரிசி சேர்க்கிறார்கள் என்று ஜைனம்பு முதல் நாளே சொல்லியிருந்தாள். இதற்காக நான் கடைத்தெருவிலிருந்து நல்ல சம்பா அரிசி ஒரு படி வாங்கிவைத்திருந்தேன். கிழிசல் வழியாகப் போட்டால் சிந்துமே என்று துணியின் முடிச்சை அவிழ்த்தேன். எல்லோரும் பார்க்க ஒரு படியையும் கொட்டினேன்.

பானையைப் பிடித்திருந்த பெண், உருது பேசும் வீட்டுக்காரி, அவர்கள் பாஷையில் மெல்ல ஏதோ சொன்னாள். பிறகு துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனாள். அங்கே ஒரு கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே வந்ததும், அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். ஜைனம்பு சொல்லவில்லை. வேறொன்று சொன்னாள்.

"அந்தத் துணி எதுக்குன்னு நெனச்சீங்க? கை உள்ள போகும், வெளிய வரும். போட்டாளா எடுத்தாளான்னு யாருக்கும் தெரியாது. இருக்கிறவ போடுவா. இல்லாதவ எடுத்துக்கிருவா. ரெண்டும் இல்லாதவ வெறுங்கைய விட்டு வெறுங்கைய எடுப்பா. ஆனா எல்லாரும் கை விடணும். மிஞ்சுறதுதான் பிரசவ அறைக்குப் போகும். அதான் இந்த முடுக்கோட வழக்கம்."

"ஒரு படி கொட்டினது பிழையா?"

"கொட்டினது பிழையில்லக்கா. தொறந்து கொட்டுனீங்கள்ல. அதப் பாத்துட்டு இன்னிக்கு ஒருத்தி கை விடாமப் போயிட்டா."

யார் என்று கேட்டேன். "அது தெரிஞ்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?" என்று அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்று மத்தியானம் எல்லா வீட்டிலும் அம்மியில் அரைக்கும் சத்தம் கேட்டது, ஒரு வீட்டைத் தவிர. எந்த வீடு என்று நான் காதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க எனக்குப் பெரும்பாடாக இருந்தது. மாலையில் தெருமுனையில் விற்ற பருத்திப்பாலை ஜைனம்பு வாங்கிவரச் செய்தாள். பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் காய்ச்சியது. கருப்பட்டி சீனி ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குடித்தேன். மற்ற நாளாக இருந்தால் இன்னொரு குவளை கேட்டிருப்பேன்.

சனிக்கிழமை விடிந்ததும் கூண்டு வண்டியில் புறப்பட்டோம். திரைபோட்ட வண்டிக்குள் ஜைனம்பு, நான், நடுவில் கல். ரயிலிலும் போகலாம், கல்லை மறுபடியும் ரயிலில் ஏற்ற எனக்குத் தெம்பில்லை. வைகைப் பாலத்தில் ஏறியபோது திரையை விலக்கிப் பார்த்தேன். ஆறு என்றார்கள். மணல்தான் இருந்தது. நடுவில் வாய்க்கால்போல ஓடிய தண்ணீரில் துணி வெளுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் களனி கங்கையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இது ஆறாகத் தெரியவில்லை. சொன்னால் ஜைனம்பு வருத்தப்படுவாள் என்று, அகலமான ஆறு என்றேன்.

பரவையில் சந்தை கூடியிருந்தது. சரியாகச் சந்தைக்கு நடுவில் சக்கரத்தின் கடையாணி கழன்றது. வண்டி ஒரு பக்கமாகச் சரிந்தது. கல் பின்பக்கமாக வழுக்கித் தெருவில் விழுந்தது. சாக்கு கிழிந்து, பெயர்களெல்லாம் வானத்தைப் பார்த்துக் கிடந்தன. கீழ்மூலை உடைந்திருந்தது. சிவகாமசுந்தரி என்ற என் பெயரில் சிவகாம என்பது மட்டும் மிச்சம். இறங்கிப் பார்த்த எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மற்ற பத்துப் பேரின் பெயருக்கு ஒரு கீறல்கூட இல்லை.

கூட்டம் கூடிவிட்டது. "மாப்ள, அந்தப் பக்கம் பிடிடா. அண்ணே, நீங்க சக்கரத்தத் தூக்குங்க" என்று ஆளுக்கு ஆள் வேலை வாங்கினார்கள். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்து கல்லைக் குனிந்து படித்தார். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏந்தாயி, இம்புட்டுப் பொம்பளைகளும் ஒரே நாள்லயா போயிட்டாக?"

"ஒருத்திதான். முதல் பேர்" என்றேன். திரைக்கு உள்ளேயிருந்து ஜைனம்பு கையை நீட்டி என்னை ஏற்றிக்கொண்டாள்.

பிற்பகலில் சோழவந்தான் வந்தது. அதன்பிறகு வெயிலே இல்லை. வழியெல்லாம் வெற்றிலைக் கொடிக்கால்கள். அகத்தி மரங்களை நெருக்கமாக நட்டு, அவற்றில் கொடியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். வாய்க்கால் தண்ணீர் காலடியில் ஓடுகிறது. செருப்போடு உள்ளே போகக்கூடாது என்றார்கள். கழற்றிவிட்டு ஈரமண்ணில் நடந்தபோது, என் தலைக்கு ஏறியிருந்த மதுரை வெயில் இறங்கியது. ஒரு கொடிக்காலின் முனையில் எங்களை எதிர்கொண்டு வந்தவள் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாள் இந்த ஊரிலிருந்து மதுரைக்கு வெற்றிலைக்கூடை கொண்டுபோய் விற்கிறவள். ஜைனம்புவின் முடுக்கில் பானையைப் பார்த்துவிட்டு வந்துதான் தன் ஊரிலும் பானை வைத்தாளாம். வாய் சிவந்திருக்கும், குரல் மூன்று கொடிக்காலுக்குக் கேட்கும்.

"வாங்கக்கா, வாங்க! ராவுத்தரம்மா, நல்லாருக்கீகளா? என்னத்த இது, கல்லா? ஏத்தா, ரெண்டு பேரு வாங்கத்தா, பிடிங்க!"

பிரசவ அறை வாய்க்கால் கரையில் நின்றது. ஓட்டுக்கூரை, சுண்ணாம்பு அடித்த சுவர், இரண்டு கட்டில், கணப்புக்கு ஒரு மூலை. மதுரை ஆஸ்பத்திரிக்கு வண்டிகட்டிப் போய்ச் சேருவதற்குள் வழியிலேயே போன பெண்களை நினைத்துக் கட்டியது. செங்கல் முழுவதும் ஊர்ப் பெண்கள் தலைச்சுமையாகச் சுமந்தது. எங்கள் கூரை நன்றாகத்தான் இருந்தது. எங்கள் என்று சொல்லிப் பார்க்க எனக்கு இனித்தது. வெள்ளம் வந்தால் உள்ளே தண்ணீர் ஏறாமலிருக்க வாசலை உயர்த்திக் கட்டியிருந்தார்கள். ஏறுவதற்குப் படி இல்லை. ஒரு மரக்கட்டையைப் போட்டு வைத்திருந்தார்கள். அது ஆடியது.

இரவு கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். எங்கள் ஊர் மாசிக்குப் பழகிய நாக்குக்கு இந்தக் கருவாடு பத்து மடங்கு பேசியது.

ஞாயிறு காலையில் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடினார்கள். கல்லைச் சுவரில் சாய்த்துவைத்து, வாசலுக்கு மேலே இடம் காட்டினேன். பேச்சியம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். அவளுக்கு அது கஷ்டமான பேச்சு என்பது அப்போதே தெரிந்தது.

"கல்லு அழகாத்தான் இருக்குக்கா. ஆனா வாசலுக்கு மேல வேணாம்."

"ஏன்?"

"பேரு இருக்குல்ல."

"பேருக்குத்தானே கல்!"

"நாங்களும்தான் கல்லு மண்ணு சொமந்தோம். எங்க பேரு அதுல இருக்கா?"

"அப்ப உங்கட பேரையும் வெட்டுவம். இடம் இருக்கு."

"வெட்டுனா, எவ பேரு இல்லேன்னு தெரிஞ்சுபோகும்ல? பானைக்குத் துணி கட்டிட்டு, சொவத்துல பேர எழுதுனா எப்படிக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பதினொரு பெண்கள் இரண்டு வருஷம் சீனி இல்லாமல் குடித்தது உங்களுக்குத் தெரியுமோ என்று ஆரம்பித்தேன். கடலைத் தாண்டி இதைச் சுமந்துவந்த கதையைச் சொன்னேன். மகளைப் பறிகொடுத்த ஒரு தாய்க்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன், திரும்பிப்போய் எந்த முகத்தோடு நிற்பேன் என்று சத்தம் போட்டேன். ஜைனம்பு முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தரையைப் பார்த்தாள்.

அப்போது கூட்டத்திலிருந்து நிறைமாதக்காரி ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஒச்சம்மா என்று பெயர். அந்த அறையில் முதலில் படுக்கப்போகிறவள் அவள்தான் என்று முதல் நாளே காட்டியிருந்தார்கள். கல்லுக்கு முன்னால் வந்து நின்றாள். எழுத்துத் தெரியாது, விரலால் வரிகளை எண்ணினாள்.

"இது அம்புட்டும் ஆளுக பேராக்கா?"

"ஓம். பதினொரு பேர்."

விரலைக் கல்லிலிருந்து எடுத்தாள். "பதினோரு பேருக்கும் நான் என்னத்தச் செய்வேன்? எனக்கு வேணாங்க்கா. இந்தப் பேருக்குக் கீழ போயி எப்படிப் படுக்கிறது? நான் வீட்டுலயே பெத்துக்கிறேன்."

கோபமில்லை, குறையில்லை. ரொம்பப் பணிவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வயிற்றைத் தாங்கிக்கொண்டு அந்த ஆடும் கட்டையைத் தாண்டி நடக்கத் தொடங்கினாள்.

இதே வார்த்தையை நான் கேட்டிருக்கிறேன். கொழும்பில், ஓர் இருட்டு அறையில், வியர்வையில் நனைந்த தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு செல்வி சொன்னாள். அவளுடைய பெயரையே பலகையாக்கி இன்னொரு பெண்ணின் தலைக்கு மேல் மாட்ட, கடல் தாண்டி நான் வந்திருக்கிறேன். பதினொரு பேர் இருந்து பேசியும் ஒருத்திக்குக்கூட இது தோன்றவில்லையே!

ஓடிப்போய் ஒச்சம்மாவின் கையைப் பிடித்தேன். "இரு பிள்ளை, இரு. பேர் வேண்டாம். பேர் வைக்கமாட்டம்."

அங்கேயே உட்கார்ந்து செல்வியின் கதையைச் சொன்னேன். என் தமிழ் பாதி அவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனாலும் ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் பேச்சியம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு, "எம்புட்டு வயசு?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

"பாவி மக" என்றாள். அவளைத் தன் வீட்டுப் பெண்ணாக நினைத்து வந்த சொல் அது.

கல்லை என்ன செய்வது? திரும்பக் கொண்டுபோவது என்ற பேச்சுக்கே இடமில்லை, நான் சாகவேண்டியதுதான். பேச்சியம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். குனிந்து அதன் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

"மூஞ்சிதான் வழவழன்னு இருக்கு. முதுகு கரடா இருக்கு. கால் வச்சா வழுக்காது. அக்கா, புள்ளத்தாச்சிக ஏறி எறங்க ஒரு படி வேணும்ல?"

நான் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. யோசித்திருந்தால் மனம் மாறியிருப்பேன். "கவிழ்த்துப் போடுங்கோ" என்றேன்.

ஆடிய கட்டையை எடுத்து எறிந்தார்கள். செங்கலை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தைக் கொட்டிப் பரப்பினார்கள். நாலு பேர் கல்லைத் தூக்கிப் புரட்டினார்கள். ஒரு கணம் எழுத்தெல்லாம் எனக்கு நேரே தெரிந்தது. முதலில் செல்வி, கடைசியில் உடைந்துபோன நான். பிறகு அத்தனை பேரும் சாந்துக்குள் முகம் புதைத்துக்கொண்டார்கள். நான் அழுதேன். அன்னம்மா அக்காவை நினைத்துத்தான் அழுதேன். ஜைனம்பு என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாந்து சற்று இறுகியதும், முதலில் ஒச்சம்மாதான் ஏறிப் பார்த்தாள். ஒரு காலை வைத்தாள், மறு காலை வைத்தாள், உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். "ஆடல" என்றாள். பெண்கள் குலவை போட்டார்கள்.

அன்று மாலையே மதுரைக்குப் புறப்பட்டோம். வண்டி லேசாக ஓடியது. பேச்சியம்மாள் ஒரு கவுளி வெற்றிலையை வாழைமட்டையில் கட்டிக் கொடுத்திருந்தாள். வழியில் ஜைனம்புவிடம், இந்தக் கல் விஷயம் இப்படி முடியும் என்று உனக்குத் தெரியும்தானே என்றேன். "வெறுங்கையோட வாங்கன்னுதானேக்கா எழுதுனேன்" என்று சிரித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

திங்கட்கிழமை நான் புறப்படும் நாள். காலையில் முடுக்கில் வளையல் சத்தம் வந்ததும் எழுந்து பின்வாசலுக்குப் போனேன். கையில் ஒன்றுமில்லை. அதே உருதுக்காரப் பெண்தான் பானையைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெறுப்பில் அல்ல என்று இப்போது எனக்குத் தெரியும்.

துணிக்குள் கையை விட்டேன். உள்ளே அரிசி சில்லென்று இருந்தது. பருக்கனும் சன்னமும் குருணையுமாகக் கையில் பட்டது. ஒரு பிடி அள்ளினேன். வாழ்நாளில் எத்தனையோ பேருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருநாளும் எடுத்ததில்லை. மூடிய கையை வெளியே எடுத்து, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு உள்ளே வந்தேன். என் கைக்குள் என்ன இருந்தது என்று முடுக்கில் ஒருவருக்கும் தெரியாது.

ஜைனம்பு பார்த்தும் பார்க்காதவள்போலக் காப்பி ஆற்றினாள். "அன்னைக்கு அவ உருதுல என்ன சொன்னான்னு கேட்டீங்களே. பாவம், வெளியூர்க்காரி, அவளுக்கு யாரும் சொல்லித்தரலன்னு சொன்னா." மூன்று நாளாக அது ஒரு வசவு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பு துறைமுகத்தில் அன்னம்மா அக்கா எனக்காகக் காத்து நின்றார். மற்றவர்களும் வந்திருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் பிறகு சொல்லலாம் என்று அவரை மட்டும் ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனேன்.

"வைச்சவையோ? வாசலுக்கு மேலதானே? பேரை வாசிச்சவையோ?"

வழியெல்லாம் நான் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஒச்சம்மா சொன்னதையும் அதே வார்த்தையில் சொன்னேன். கல் கவிழ்ந்து படியாகக் கிடக்கிறது என்றேன். அவர் முகம் இறுகியது. என்னை விட்டு இரண்டு அடி தள்ளிப்போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த ஒரு பிடி அரிசியை அவர் கையில் வைத்தேன். பானையைப் பற்றிச் சொன்னேன். துணியைப் பற்றியும் சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் கிளறினார்.

"இது ஆர் போட்டது?"

"ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. அங்க அது ஒருத்தருக்கும் தெரியாது."

அன்னம்மா அக்கா கையை மெல்ல மூடிக்கொண்டார்.

"அப்ப என்ர பிள்ளை போட்டதெண்டும் சொல்லலாம்தானே" என்றார்.

அன்று மத்தியானம் அவர் வீட்டில் அதைக் கஞ்சி வைத்தோம். ஆளுக்கு அரைக் கோப்பை வந்தது. உப்புப் போட மறந்துவிட்டார், நான் சொல்லவில்லை.